ஒன்பது பதார்த்தங்களும் ஒரு கிண்ணம் வெங்காய சாஸும்

ட்ரியாவ்னா, டிசம்பர் 25

அன்பு மகள் ரலிட்சாவுக்கு அப்பா எழுதுவது. ஐஸில் வழுக்கி முறிந்த அம்மாவின் மணிக்கட்டைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம், வலென்சியாவில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். உன் சித்தி கின்கா நேற்று நம் வீட்டுக்கு வந்தாள்! மூன்று வருஷம் கழித்து வந்தாள்! நீ ஸ்பெயினுக்குக் கிளம்பிய வாரம் அவள் என்னிடம், "பிள்ளைய விரட்டிவிட்டுட்டீங்களே அத்தான்" என்று கேட்டதும், பிள்ளை பெறாதவளுக்கு என்ன தெரியும் என்று நான் சொல்லிவிட்டதும் உனக்குத் தெரியாது. அன்றோடு அவள் இந்த வாசலை மிதிக்கவில்லை. அம்மா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்தமுறை கையை முறித்துக்கொண்ட அக்காவைப் பார்க்க அரை மணி நேரம் மட்டும் வருவதாகச் சொல்லியனுப்பினாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை விருந்து, சமையல்காரன் நான்! அவரைக்கொட்டை, முட்டைக்கோஸ் இலைச் சுருள், பூசணி, கோதுமை என்று ஒன்பதும் ஒருவழியாக முடிந்தன. காய்களுக்கு ஊற்றும் வெங்காய சாஸில்தான் என் உயிர் போனது. ஆறு வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கி, எண்ணெயில் சின்னத் தீயில் முக்கால் மணி நேரம். அம்மா நாற்காலியில் இருந்தபடியே, "கிளறுங்க, வேடிக்கை பாக்காதீங்க" என்று விரட்டினாள். வெங்காயம் கரைந்ததும் காய்ந்த சுப்ரிட்சா வாசனை இலையைக் கசக்கிப் போட்டு, அவரைக்கொட்டை வேகவைத்த தண்ணீர் ஒரு கரண்டி ஊற்றி, அடுப்பை அணைத்த பிறகுதான் சிவப்பு மிளகாய்ப்பொடி, புதினா, பார்ஸ்லி. தீயில் இருக்கும்போது பொடி போட்டால் கசந்துவிடும், நீ செய்யும்போது ஞாபகம் வைத்துக்கொள். அவ்வளவு நன்றாக வந்துவிட்டது ரலிட்சா, பெருமை தாங்காமல் நீலக் கிண்ணத்தில் தனியாக ஊற்றி மேஜை நடுவில் வைத்தேன்.

சித்தி வந்தாள், கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து மேஜையில் இருந்த பதார்த்தங்களை விரலால் எண்ணினாள். "பத்து இருக்கே. இந்த ராத்திரியில ரெட்டைப்படையா வைப்பாங்க?" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும் என்று தெரிந்தும் சாஸை நான் கணக்கில் எடுக்கவே இல்லை! சட்டென்று கிண்ணத்தைத் தூக்கி அவரைக்கொட்டைமேல் முழுவதையும் கொட்டிவிட்டு, "இப்ப ஒம்பது" என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சித்தி வாயை இறுக்கிக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்தாள்.

எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒருவரும் எழக்கூடாத மேஜை அல்லவா, அங்கேதான் எனக்கு மூளை வேலை செய்தது. அரை மணி நேரம் தாண்டியும் நான் முடிக்கவில்லை. தட்டில் ஒட்டியிருந்த சாஸை ரொட்டியால் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டேன், வயிறு வெடித்துவிடும் போலிருந்தது. முதலில் அக்காவும் தங்கையும் மணிக்கட்டைப் பற்றிப் பேச்சு, பிறகு உன்னைப் பற்றி. கடைசியில் சித்தி என் தட்டைப் பார்த்து, "பெயிண்ட் உரியப் போகுது அத்தான், இன்னும் என்னத்தத் துடைக்கிறீங்க?" என்றாள். இனி ஒளிக்க என்ன இருக்கிறது, ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே, "அன்னைக்கு நான் சொன்னது பெரிய தப்பும்மா, நான் முடிச்சா நீ எந்திரிச்சுப் போயிடுவே" என்று சொல்லிவிட்டேன். அவள் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, ஒரு துண்டு ரொட்டி பிய்த்துத் தன் தட்டைத் துடைக்க ஆரம்பித்தாள். "நானும்தான் இன்னும் சாப்பிட்டு முடிக்கல" என்றாள்.

கடவுள் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும் மகளே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் சித்திக்குப் போன் செய்.

என்றும் உன் அன்புள்ள அப்பா,
ராட்கோ