அக்கா குறைத்த இருபது

யேசு மரி சூசை துணை

ஊர்காவற்றுறை,
12.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களோடு இனிக் கதைப்பதில்லை என்று போன ஆனி மாதம் அந்தோனியார் கோயில் வாசலில் நின்று சத்தியம் செய்தேன். அது இன்றுவரை அப்படியே இருக்கிறது. எழுதுவதில்லை என்று நான் சத்தியம் செய்யவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். இதைக் கண்டதும் போன் எடுக்க வேண்டாம். நான் தூக்க மாட்டேன்.

நீங்கள் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள். என்னுடைய சுகம்தான் சரியில்லை. சீனி வருத்தம் கூடிவிட்டது. போன கிளினிக்கில் டொக்டர் இரத்தம் சோதித்த துண்டைப் பார்த்துவிட்டு, "எண்பத்து நாலு கிலோ இருக்கிறியள் மேர்சி. ஆறு மாசத்துக்குள்ளை ஏழு, எட்டுக் கிலோவாவது குறைக்க வேணும். இல்லாட்டி ஊசிதான்" என்றார்.

ஊசி என்றால் எனக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்பாவுக்கு நான்கு வருடம் ஊசி போட்டவள் நான். அவருடைய காலை எடுத்த அன்று கட்டிலடியில் நின்றவளும் நான்தான். நீங்கள் கனடாவில் இருந்தீர்கள். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

எப்படிக் குறைப்பது என்று டொக்டரிடம் கேட்க வாய் வரவில்லை. வெளியே அவ்வளவு சனம். வீட்டில் இவரைக் கேட்டால், "உமக்கென்ன, நல்லாத்தானே இருக்கிறீர்" என்று வலையைத் தூக்கிக்கொண்டு போகிறார். புதுவருடத்துக்குப் போன் எடுத்த உங்கள் மகள் தாரிகாதான் சொன்னாள்: "சின்னம்மா, அஞ்சு மாசத்திலை அம்மா இருபது குறைஞ்சிட்டா! கலோரி எண்ணி எண்ணித்தான் சாப்பிடுறவ."

ஒரு நாளைக்கு எத்தனை கலோரி சாப்பிட்டீர்கள்? அந்த இலக்கத்தை மட்டும் எழுதி அனுப்புங்கள். நீங்கள் குடும்பக் குழுவில் போட்ட அந்தப் படத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

உங்கள் தங்கை,
மேர்சி


ரொறன்ரோ,
28.01.2025

என் செல்லத் தங்கச்சிக்கு,

உறையில் உன் கையெழுத்தைக் கண்டதும் குசினிக்குள் நின்று அழுதேன். ஏழு மாதமாக நான் எடுத்த போன்களை எண்ணினால் அதுவே ஒரு கலோரிக் கணக்கு. இந்த முறை எடுக்கவில்லை பார். சொல்வழி கேட்டேன்.

ஓம், இருபதுதான். தாரிகா பொய் சொல்லவில்லை. வயது, உயரம் எல்லாம் போனில் ஒரு கணக்கில் போட்டுப் பார்த்தேன். அது ஆயிரத்து அறுநூறு என்றது. எனக்கு எப்போதும் அவசரம்தானே? நானாகவே ஆயிரத்து இருநூறு ஆக்கிவிட்டேன். எதில் எத்தனை என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். அதையும் இதற்குள் வைத்து அனுப்புகிறேன். சீனியையும் எண்ணெயையும் தொடாதே. நீ முயன்றால் என்னைவிடக் கெதியாகக் குறைப்பாய், சின்ன வயதில் இருந்து நீ பிடிவாதக்காரி.

படம் பகிடிக்குப் போட்டதடி. நீ அதை இவ்வளவு பெரிதாக எடுப்பாய் என்று யாருக்குத் தெரியும்?

உன் மனுசன் ஜெகதீசைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
அக்கா கத்தரீனா


யேசு மரி சூசை துணை

ஊர்காவற்றுறை,
07.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் மாசி நடுவில் கிடைத்தது. பட்டியலும் கிடைத்தது. ஓட்ஸ் இருக்கிறது, பேகல் இருக்கிறது, பெயர் வாயில் நுழையாத பாற்கட்டி ஒன்றும் இருக்கிறது. பிட்டு இல்லை. ஓலை நீத்துப்பெட்டியில் அவிக்கிற பிட்டு, ஒரு பெட்டிக்கு எத்தனை கலோரி என்று நான் யாரைப் போய்க் கேட்பது? தெரியாததை எல்லாம் பாதியாக்கிச் சாப்பிட்டேன்.

நல்ல காலம், தபசு காலம் வந்தது. ஒருசந்தி, ஒரு நேரச் சாப்பாடுதான் என்று சொன்னால் யார் மறுகேள்வி கேட்பார்கள்? "இந்த முறை உமக்குப் பக்தி கூடிப்போச்சு" என்றார் இவர். நானும் தலையை ஆட்டினேன்.

ஆறு கிழமை கழித்து, மீன் முதலாளி அமலதாஸின் வாடியில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து மீன் நிறுக்கிற தராசில் ஏறி நின்றேன். எண்பது. நாலே நாலு கிலோதான் குறைந்திருந்தது! நீங்கள் ஐந்து மாதத்தில் இருபது என்றால் மாதத்துக்கு நான்கு. ஆறு கிழமைக்கு ஆறாவது வர வேண்டாமா? அழுகை வந்தது. அன்றிலிருந்து எண்ணூறு ஆக்கினேன். சீனி வருத்தக் குளிசையை மட்டும் விடாமல் போட்டேன்.

போன வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை. ஒன்பதாம் தலத்தில், யேசுநாதர் மூன்றாம் முறை கீழே விழுகிறார் என்று சுவாமி வாசித்தார். நானும் விழுந்தேன். சனம் அதைப் பக்தி என்று நினைத்துக் கொஞ்ச நேரம் முழந்தாளில் நின்று பார்த்ததாம். பிறகு யாரோ வாய்க்குள் ஒரு ரொபி இனிப்பைத் திணித்தார்கள், கண் திறந்தது. வெயில் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். இவருக்கும் அதையேதான் சொன்னேன்.

சிரிக்காதீர்கள். எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். நீங்கள் எப்படி இருபதைக் குறைத்தீர்கள்? எழுநூறா, அறுநூறா? மறைக்காமல் எழுதுங்கள்.

படம் பகிடி என்று எழுதியிருந்தீர்கள். சீமெந்து மூட்டை ஏற்றுகிற அகன்ற வத்தைப் படகுக்கு இந்தத் துறையில் என்ன மதிப்பு என்று உங்களுக்குத் தெரியும், நீங்களும் இங்கே பிறந்தவர்தானே. நீங்கள் ஊருக்கு வந்து நின்ற திருநாள் அன்று, புதுச் சாறியோடு நின்ற என்னைப் படம் எடுத்து, "எங்கட வத்தை கரைக்கு வந்திட்டுது" என்று குடும்பக் குழுவில் போட்டீர்கள். முப்பத்தாறு பேர் சிரித்தார்கள். நான் ஒவ்வொருவராக எண்ணினேன்.

உங்கள் தங்கை,
மேர்சி


ரொறன்ரோ,
23.04.2025

என் மேர்சிக்குட்டி,

உன் கடிதம் இன்று காலை வந்தது. நின்ற நிலையிலேயே ஜெகதீசுக்குப் போன் எடுத்தேன். "மேர்சிக்கு இப்பவே சோறு குடுங்கோ, விடிஞ்சதும் டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று கத்தினேன். சத்தியம் நீ செய்தது, நான் செய்யவில்லை. ஏன் என்று அவர் கேட்டார். அதை நானே எழுதுகிறேன் என்றேன். இங்கே பக்கத்து வீட்டு சுலோஜனா நாளை ஊருக்குப் புறப்படுகிறாள், அவள் கையிலேயே இதைத் தருகிறேன்.

மேர்சி, நான் குறைத்தது இருபது கிலோ இல்லை. இருபது இறாத்தல், பவுண்டு. இங்கே சனம் தன் உடம்பை இறாத்தலில்தான் நிறுக்கும். கடையில் ஒரு இறாத்தல் பாண் வாங்குவாயே, அந்த இறாத்தல்தான். இருபதும் சேர்ந்து ஒன்பது கிலோ. அதற்கு எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. நீ ஆறு கிழமையில் நாலு கிலோ குறைத்துவிட்டு அழுதிருக்கிறாய். என்னை நீ எப்போதோ முந்திவிட்டாய், விசரி.

இன்னும் இருக்கிறது. தலைமயிர் கொட்டியது, படியேற மூச்சு வாங்கியது. ஆரைக் கேட்டு ஆயிரத்து இருநூறு ஆக்கினாய் என்று இங்கத்தை டொக்டர் ஏசினா. குறைந்த இருபதில் பதினொன்று திரும்பி வந்துவிட்டது. இதை நான் தாரிகாவுக்கே சொல்லவில்லை.

படத்தைப் பற்றியும் உண்மையை எழுதுகிறேன். அந்தப் படத்தில் நீ தனியாக நிற்கவில்லை. பக்கத்தில் நான் நின்றேன், உன்னைவிட அகலமாக. என்னைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. என்னை வெட்டி எறிந்துவிட்டு உன்னை மட்டும் போட்டேன். சனம் உன்னைப் பார்த்துச் சிரித்தால் என்னைப் பார்க்காது என்று நினைத்தேன். நீ அப்பாவின் கட்டிலடியில் நின்ற நாட்களில் எல்லாம் நான் இல்லை. ஒரு நாள் வந்து நின்று, செய்ததும் இதுதான். என்னை மன்னித்துக்கொள்.

வெட்டாத படம் இந்த உறைக்குள் இருக்கிறது. டொக்டரிடம் போய் எண்ணூறு என்ற உண்மையைச் சொல்லு. வெயில் என்று சொல்லாதே.

உன் அக்கா


யேசு மரி சூசை துணை

ஊர்காவற்றுறை,
16.05.2025

என் அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் போன் எடுத்த மறுநாள் காலையே இவர் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்விட்டார். நடந்ததை இரவே சொல்லிவிட்டேன், வழி முழுக்க ஏச்சு. "ஒருசந்தியாம் ஒருசந்தி! கடவுளையும் பேய்க்காட்டி என்னையும் பேய்க்காட்டினீர்." பின்னால் இருந்து நான் செபமாலை உருட்டினேன்.

டொக்டரிடம் எண்ணூறு என்று உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குளிசையும் போட்டுக்கொண்டு இப்படிப் பட்டினி கிடந்தால் எழும்பாமலே போயிருப்பீர்கள் என்றார். குளிசையைக் குறைத்தார். என் வயது, உயரம், வீட்டில் செய்கிற வேலை எல்லாவற்றையும் கேட்டு ஒரு கடதாசியில் கணக்குப் போட்டார். ஆயிரத்து ஐந்நூறு. மாதத்துக்கு இரண்டு கிலோ குறைந்தாலே காணும் என்றார். பிட்டைப் பற்றிக் கேட்டேன். "மரக்கறியும் மீனும் கூட வைச்சு, அரை நீத்துப்பெட்டி தாராளமாச் சாப்பிடுங்கோ" என்றார். அன்று மத்தியானம் பிட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டேன் அக்கா. நாலு மாதத்துக்குப் பிறகு பயப்படாமல் சாப்பிட்ட சாப்பாடு.

சுலோஜனா கடிதம் கொண்டுவந்து தந்த பிறகுதான் இறாத்தல் கதை தெரிந்தது. அதை முந்தநாள் கிளினிக்கில் சொன்னேன். டொக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது. ஊசி வேண்டாம் என்று துண்டில் எழுதித் தந்திருக்கிறார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று அந்தத் துண்டை மூன்று தரம் வாசித்தேன். அப்பாவை நினைத்து அழுதேன், ஆனால் நெஞ்சு லேசாக இருந்தது.

உங்கள் படத்தை இவருக்குக் காட்டினேன். "ரெண்டு வத்தை! துறையிலை இடம் காணாது!" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் புதினம். அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். நீங்கள் வடிவாய்த்தான் நிற்கிறீர்கள். வெட்டியிருக்கக் கூடாது.

சத்தியத்துக்கு என்ன செய்வது என்று சுவாமியைக் கேட்டேன். "கோபத்திலை செய்த சத்தியத்தை அந்தோனியார் கணக்கெடுக்கிறேல்லை. ஆனால் பரிகாரம் ஒண்டு இருக்கு. நீரே முதல் போன் எடும்" என்றார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆறரைக்கு எடுப்பேன். அங்கே காலை ஒன்பதாக இருக்கும். இந்தக் கடிதம் வந்து சேர மூன்று கிழமை பிடிக்கும், அதுவரைக்கும் பொறுக்க எனக்கு ஏலாது. இதை நீங்கள் வாசிக்கும்போது நாங்கள் கதைத்துச் சிரித்து, ஒருதரம் சண்டையும் பிடித்திருப்போம்.

எத்தனை குறைந்தாய் என்றுதான் நீங்கள் முதல் கேட்பீர்கள். ஐந்து என்று சொல்வேன். கிலோ, அக்கா.

உங்கள் தங்கச்சி,
மேர்சி