ஈயக் குண்டில் பூத்த வெள்ளை

இன்று காலை புது பிளைவுட்டை அறுக்கும்போது எழுந்த புளிப்பு வாசனையில் ரம்பத்தை நிறுத்திவிட்டேன். ராயபுரத்தில் முப்பது வருஷமாகத் தச்சு வேலை செய்கிறேன். எனக்குச் சோறு போட்ட வாசனை அது. நண்பா, நீ போன பிறகு அது மூக்கில் ஏறும்போதெல்லாம் திருவொற்றியூரில் உன் வீட்டு முன்னறைதான் கண்முன் வருகிறது.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் நீ எடை போடும் வேலை பார்த்தாய். உடைத்த கப்பல்களின் சாமான்கள் அங்கே வந்து குவியும். உருக்கப் போகிற அந்தக் குவியலிலிருந்து பித்தளை விளக்கு, திசைகாட்டி, கடலின் ஆழம் பார்க்கக் கயிற்றில் கட்டி இறக்கும் ஈயக் குண்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி வருவாய். உன் மனைவி ஒருமுறை விளக்கைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள் என்று நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. "அத்தினி வருஷத்து நெறம் மாமு, ஒரு நிமிசத்துல கழுவி ஊத்திட்டா."

கடல் உன் தெருக்கோடியிலேயே இருந்தது. உப்புக் காற்றை எதிரியைப் போலப் பார்த்தாய். மணலிப் பக்கத்து ஆலைப் புகையையும் நம்பவில்லை. "காத்தே உள்ள பூராத மாதிரி ஒரு அலமாரி பண்ணிக் குடு" என்றாய். பண்ணினேன். நல்ல பிளைவுட், கண்ணாடிக் கதவு, இடுக்கெல்லாம் பசை, கதவைச் சுற்றி ரப்பர். இரண்டு சாவிகளில் ஒன்றை என்னிடமே கொடுத்தாய். "ஒன்னாண்டயே இருக்கட்டும். நான் எங்கனா தொலைச்சுடுவேன்."

அந்த மழைக்காலம் முடிந்தபோது ஈயக் குண்டின் மேல் வெள்ளையாக மாவு பூத்திருந்தது. தொட்டால் உதிர்ந்தது. திசைகாட்டியின் விளிம்பில் பச்சைப் புள்ளிகள். பூட்டிய அலமாரிக்குள் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினாய். இன்னொரு சாவி வைத்திருந்தவன் நான். அந்தத் திசைகாட்டியை எனக்குக் கொடு என்று எப்போதோ ஒரு முறை கேட்டவனும் நான்தான்.

நீ பூட்டை மாற்றினாய். நான் வந்தால் நாற்காலியை அலமாரிக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். கதவு இடுக்கில் ஒரு தலைமயிரை ஒட்டி வைத்திருந்ததை ஒருநாள் பார்த்துவிட்டேன்.

"இன்னாடா இது?"

"ஒண்ணியும் இல்ல."

"நான் தொறக்கறேன்னு நெனைக்கிறியா?"

நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. "உன் பட்டறையில ஆசிட்டு எதுனா கீதா மாமு?"

எழுந்து வந்துவிட்டேன். அப்புறம் ஒரு வருஷம் உன் தெருப்பக்கமே வரவில்லை. நானும் உன்னைச் சந்தேகப்பட்டேன், தெரியுமா? நீயே எதையோ தடவிக் கெடுத்துவிட்டுப் பழியை என்மேல் போடுகிறாய் என்று பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன்.

பிறகு ஒரு பழம்பொருள் காட்சிக்கூடத்தில் அலமாரி வேலை கிடைத்தது. அங்கே பொருட்களைப் பராமரிக்கும் அம்மா என் பலகையைப் பார்த்ததுமே தடுத்துவிட்டார். "இது வேணாங்க. புதுப் பலகையும் பசையும் புளிச்ச ஆவி விடும். மூடின இடத்துல அது ஈயத்தைத் தின்னுடும்."

நம்பவில்லை. இரண்டு ஊறுகாய் பாட்டில்களில் மீன்வலைக்குக் கட்டும் ஈயக் குண்டு ஒவ்வொன்று போட்டேன். இரண்டிலும் கொஞ்சம் ஈரப் பஞ்சு. ஒன்றில் மட்டும், உன் அலமாரிக்கு அறுத்ததில் மிஞ்சிய துண்டு. இறுக மூடி வைத்தேன். சில வாரங்களில் துண்டு இருந்த பாட்டிலில் மட்டும் குண்டு வெள்ளையாகிவிட்டது.

யாரும் கைவைக்கவில்லை. நான் செய்த அலமாரியே தின்றிருக்கிறது.

உன்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்தேன். தினமும் ஒரு வேலை கிடைத்தது. அதற்குள் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். நான் கட்டிலருகே வந்து நின்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"பூட்ட மாத்தி, சாவிய என் இடுப்புலயே வச்சுகினு இருந்தேன். அப்பவும் மாவு பூக்குது மாமு. அப்ப நீ இல்லல்ல? உன்னப் போயி சந்தேகப்பட்டேனே. மன்னிச்சுக்கோ." மூச்சு வாங்கியது. "பின்ன எதுதான்னு தெரியலையே."

கேட்டே விட்டாய். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. "வுடு மாமு, மொதல்ல எழுந்து வா" என்று மட்டும் சொன்னேன். மன்னிக்கிறவனாக உட்கார்ந்திருப்பது அவ்வளவு சுகமாக இருந்தது. நாலாம் நாள் நீ இல்லை.

போன மாதம் உன் மகள் கூப்பிட்டாள். சாமான்களுக்கு வேறு அலமாரி வேண்டுமாம். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.

"அப்பா கடைசி வரைக்கும் உன்ன சந்தேகப்பட்டதையே சொல்லி அழுதுகினு இருந்தாரு மாமா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா?"

மரமே வேண்டாம், பவுடர் கோட்டிங் செய்த இரும்பு அலமாரி, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள், அடியில் துவைத்த பருத்தித் துணி என்று அடுக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு, "அந்த இரும்புத் தகட்டையும் துணியையும் முதல்ல ஈயத்தோட பாட்டில்ல போட்டுக் காட்டு மாமா, அப்பால வைக்கலாம்" என்றாள். போட்டேன். பாட்டிலை என்னிடம் விட்டுவைக்காமல் அவளே எடுத்துப் போனாள். உன் மகள்தான்.

அவள் என்னை நம்பாதது எனக்குப் பாரமாக இல்லை. அன்று நீ சந்தேகப்பட்டதுகூட இப்போது வலிக்கவில்லை. கட்டிலில் கிடந்தபடி நீ கேட்டாயே ஒரு மன்னிப்பு, அது நான் உன்னிடம் கேட்டிருக்க வேண்டியது. வாங்கி வைத்துக்கொண்டுவிட்டேன். திருப்பித் தர நீ இல்லை.