முகம் தெரியாத சாட்சி

3-2-2025, திங்கள்

மருந்துக் கடைக்கு இன்று லீவு போட்டேன். வீட்டுக்காரர் சவுதிக்கு, தம்மாமுக்கு, வேலைக்குத் திரும்ப இன்னும் பத்து நாள்தான். திண்டிவனத்தில் பெட்டி வாங்கிக்கொண்டு பைக்கில் வரும்போது வானூர் பக்கம், எங்கள் கண் முன்னாலேயே விபத்து. மல்லாட்டைக் கடலை மூட்டையோடு மொபெட்டில் போன பெரியவரை ஒரு வெள்ளை மினி வேன் இடித்துத் தள்ளியது. டிரைவர் இறங்கினான், ஓரடி வைத்தான், திரும்ப ஏறிப் பறந்துவிட்டான். நம்பர் பார்க்க முடியவில்லை. பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெயர் பெரியதம்பி.

வீடு வரும்வரை வீட்டுக்காரர் புலம்பினார்: “சே, மூஞ்சிய சரியா பாக்கலியே ஃபஸீஹா.”

4-2-2025

வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ சுற்றுகிறது. வானூர் பாண்டுரங்கன். அவருடைய மினி வேன் முன்பக்கம் நசுங்கியிருக்கிறதாம். “இவன்தான்” என்று போட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

5-2-2025

பெரியதம்பி இறந்துவிட்டார்.

6-2-2025, வியாழன்

ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். பாண்டுரங்கனை எதிரே நிறுத்தியதும் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்: “இவன்தான் சார். கண்ண மூடுனா அப்படியே நிக்கிறான்.”

பாண்டுரங்கன் கும்பிட்டார். “அண்ணே, நான் அந்தப் பக்கமே வரல. நசுங்கினது போன மாசம். நல்லா பாத்து சொல்லுங்கண்ணே.”

எஸ்.ஐ. என்னைக் கேட்டார். எனக்குக் கண்ணை மூடினால் இருட்டு. எப்போதுமே இருட்டுதான். “முகம் ஞாபகம் இல்ல சார். ஆனா ஆள் நல்ல உயரம். இறங்கும்போது தலை கதவுல இடிச்சுது. நின்னப்ப வேன் கூரை மட்டத்துக்கு இருந்தான்.”

பாண்டுரங்கன் என் உயரம்தான் இருக்கிறார்.

“உங்க வூட்டுக்காரர் மூஞ்சியே சொல்றாரு, நீ உயரத்த சொல்றியேம்மா” என்று எஸ்.ஐ. சிரித்தார். வீட்டுக்காரரும் என்னை முறைத்தார்.

7-2-2025

நாத்தனார் முஸ்கானிடம் கேட்டேன்: “உங்க வீட்டு வாசக் கதவ நெனச்சா கண்ணுக்குள்ள தெரியுமா?”

“தெரியாம என்ன அண்ணி? பெயின்ட் உரிஞ்ச இடம்கூட தெரியுது.”

அப்படியென்றால் ‘கண்ணுக்குள் நிற்கிறது’ என்று ஊரில் எல்லாரும் சொல்வது சும்மா பேச்சுக்கு இல்லையா? முப்பத்தொரு வயதில் இப்போதுதான் தெரிகிறது.

எனக்கு எதை நினைத்தாலும் படமே வராது என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ. “அப்ப என் மூஞ்சி?” என்றார்.

மடித்து வைத்த துணியையே மறுபடி மடித்தேன்.

“ரெண்டு ரெண்டு வருஷம் அங்க தனியா கெடக்கறேன். உன் மூஞ்சிய நெனச்சிக்கினுதான் நாள ஓட்டறேன். உனக்கு நான் வெறும் இருட்டா?”

இல்லைங்க. நடை தெரியும், செருமல் தெரியும், கோபம் வந்தால் என் பேரைப் பாதியில் விழுங்குவது தெரியும். படம்தான் இல்ல. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? இதை இங்கே எழுத முடிகிறது. அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

9-2-2025, ஞாயிறு

பாண்டுரங்கனின் மனைவி பானுப்ரியா கடைக்கே வந்துவிட்டாள். “ரிமாண்டு பண்ணிட்டாங்கக்கா. உங்க வூட்டுக்காரர் சொன்னாருன்னுதான் பண்ணாங்க. அவருகிட்ட பேசுங்கக்கா.” கூட்டம் இருந்தது. அவள் நகரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இந்த நோட்டைப் புரட்டினேன். மூஞ்சியைச் சரியாகப் பார்க்கவில்லை என்று திங்கட்கிழமை அவர் சொன்னது அப்படியே இருக்கிறது. கொண்டுபோய் அவரிடமே காட்டினேன்.

“என்னப் பொய்யன்னு சொல்றியா?”

“பொய் இல்லங்க. நீங்க பாக்காத இடத்துல அந்த போட்டோ வந்து உக்காந்துக்கிச்சு.”

நோட்டை விட்டெறிந்தார்.

10-2-2025

பதிமூன்றாம் தேதி விமானம். இவர் போய்விட்டால் சொன்னது சொன்னபடியே நிற்கும். யா அல்லாஹ்.

11-2-2025, செவ்வாய்

விடியற்காலை பஜ்ரு தொழுதுவிட்டு வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மறுபடி கண்ண மூடிப் பாத்தேன். ரோட்ல நிக்கிறவன் சிரிக்கிறான், ஃபஸீஹா. அந்த போட்டோவுல சிரிக்கிற மாதிரியே. ஆள இடிச்சவன் எவன் சிரிப்பான்?”

விட்டெறிந்த நோட்டை எடுத்து என் மடியில் வைத்தார்.

பத்து மணிக்கு ஸ்டேஷன் போனோம். முன்பு சொன்னது தவறு, முகத்தைப் பார்க்கவே இல்லை என்று எழுதிக் கொடுத்தார். எஸ்.ஐ. கத்தித் தீர்த்தார். “இன்னா வெளையாட்டா இது? உன் பேர்லயே கேஸ் போடவா?” அவர் தலைகுனிந்து நின்றார். ஆனால் பேச்சை மாற்றவில்லை. அடுத்து நான் சொன்னதையும் எழுதிக்கொண்டார்கள். உயரம் உட்பட.

13-2-2025

கிளம்பிவிட்டார். ஏர்போர்ட்டில் என்னை நேராகப் பார்க்கவில்லை.

19-2-2025, புதன்

திண்டிவனத்தில் ஒரு ஷெட்டில் முன்கண்ணாடி மாற்ற வந்த வேன் பிடிபட்டதாம். ஓட்டியவன் ஒப்புக்கொண்டான். ஆறடிக்கு மேல். பாண்டுரங்கன் வெளியே வந்துவிட்டார். பானுப்ரியா போனில் அழுதாள். நன்றி என்று சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். அவரை உள்ளே அனுப்பியதும் எங்கள் வாய்தானே.

வீட்டுக்காரருக்கு மெசேஜ் போட்டேன். பார்த்துவிட்டார்.

4-3-2025, செவ்வாய்

நோன்பு திறந்துவிட்டு அவர் தம்மாமிலிருந்து கூப்பிட்டார். வீடியோ இல்லை.

“கேமரா வேணாம். உனக்குத்தான் படம் நிக்காதே. சொல்றேன், கேட்டுக்கோ” என்றார். தாடி விட்டிருக்கிறாராம், இடது கன்னத்தில் ஒரு ரூபாய் அளவுக்கு நரையாம். ரூமில் அவர் கட்டில் கதவிலிருந்து மூன்றாவது. சட்டை நீலம், மேல் பட்டன் போய்விட்டது.

“ஜன்னல் எந்தப் பக்கம்?” என்று கேட்டேன்.

“தலமாட்டுல. அதத் தொறந்தா ரோடு” என்றார்.