பொம்மை வைக்கும் இடத்தில் பேட்டரி

ஜனவரி 6

இன்று சொல்லிவிட்டேன். அப்பா ஆக்டோபஸ் துண்டை வாயில் போடும் வரை காத்திருந்து, "அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குத் தேர்வு எழுதப் போறேன். விடுதியில தங்கிப் படிக்கிறேன்" என்றேன்.

நம் தீவிலும் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. மொத்தம் ஆறு பேர். நூலகம் என்பது ஒரு அலமாரி. அதை நான் இரண்டு முறை படித்து முடித்துவிட்டேன்.

அப்பா மென்றுகொண்டே அம்மாவைப் பார்த்தார். அம்மா "ம்" என்றாள். எழுந்து கையுறையை மாட்டினாள். "படகு இன்ஜின் ரூம்ல சூட்டுக்கு வெச்ச பல்பு எரியுதான்னு பாத்துட்டு வரேன்."

பெற்ற மகளுக்கு ஒரு "ம்". பல்புக்கு மட்டும் பனியில் நடை!

ஜனவரி 7

நேற்றைய கோபம் கொஞ்சம் ஆறியிருக்கிறது. யோசித்துப் பார்த்தால் பயமாகவும் இருக்கிறது.

தேர்வு மார்ச் 4. அந்தச் சமயம் அக்கரைக்குப் போகிற பெரிய கப்பல் வருடாந்தரப் பழுதுபார்ப்புக்குப் போய்விடும். மிச்சம் இருப்பது தபாலும் நோயாளிகளும் போகிற சின்னப் படகு, ஹமானசு மாரு. அதன் இன்ஜினியர் அம்மா. என்னைப் போகாதே என்று அவள் சொல்லவே வேண்டாம். ஒரு நாள் இன்ஜினைக் கிளப்பாமல் குளிரை ஜெயிக்க விட்டால் போதும்.

இப்படி எழுதுவது பாவம். ஆனால் அந்த "ம்"முக்கு என்னதான் அர்த்தம்?

ஜனவரி 19

கணக்குப் புத்தகத்துக்குள் அம்மாவின் இன்ஜின் கையேட்டை வைத்துப் படிக்கிறேன். குளிரில் எண்ணெய் பாகு மாதிரி இறுகும். பேட்டரியின் பலம் பாதியாகக் குறையும். அப்போதுதான் இன்ஜின் இரண்டு மடங்கு பலம் கேட்கும். அநியாயம்.

பிப்ரவரி 2

அம்மா ஜன்னலுக்கு வெளியே இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் டீசல் ஊற்றி வைத்திருந்தாள். காலையில் ஒன்று அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தது. மற்றது தெளிவு.

"கலங்கினது கோடைக்கால டீசல். மெழுகு திரண்டு ஃபில்டரை அடைச்சிடும்" என்றாள்.

"அப்போ தெளிஞ்சதையே ஊத்தலாமே?"

"அது கொஞ்சம்தான் இருக்கு. தொடாத."

சிக்கனமாம். இன்று தெரு முழுக்க வழுக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

பிப்ரவரி 15

அம்மா இரண்டு நாளாக விரலில் பிளாஸ்திரியோடு இருக்கிறாள். என்ன ஆச்சு என்று கேட்டேன். "போல்ட்டு." அவ்வளவுதான் பதில்.

பிப்ரவரி 24

வருஷா வருஷம் இந்நேரம் ஹீட்டரின் சூடு எட்டும் மூலையில், பெண் பிள்ளைகள் நல்லா வாழக் கொண்டாடுகிற பொம்மைத் திருநாளுக்கான அரசன் பொம்மையும் அரசி பொம்மையும் உட்கார்ந்திருக்கும். இந்த வருஷம் அங்கே படகின் பேட்டரி. ராத்திரி குளிரில் விடக் கூடாதென்று அம்மா தினமும் சறுக்குவண்டியில் இழுத்து வருகிறாள். விடிந்ததும் திருப்பி இழுத்துப் போகிறாள். சுற்றிலும் என் பழைய முயல் போர்வை.

அப்பா அதைக் கும்பிட்டார். "அரசியாரே, எங்க பொண்ணுக்கு நல்ல மாப்பிள்ளையாப் பாத்துக் குடுங்க."

"உங்க வாயைக் கட்டுறதுக்கும் ஒரு போர்வை வேணும்" என்றாள் அம்மா. சிரிக்காமல்.

மார்ச் 2

மைனஸ் பதினான்கு. நாளைக்கு இன்னும் குறையுமாம். சரித்திரம் ஒரு வரிகூடத் தலையில் ஏறவில்லை.

மார்ச் 3

அக்கரையில் ஒரு தங்கும் விடுதியின் அறையில் எழுதுகிறேன். விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை.

இன்ஜின் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது! அப்பா கரையில் நின்று கைதட்டினார். ஏதோ நாடகம் பார்த்த மாதிரி.

ஆபத்து அக்கரைக்குப் பக்கத்தில் வந்தது. ஆற்று முகத்துவாரத்தில் கடல் முழுக்கக் குழைந்த பனி. படகின் பக்கவாட்டுக் குழாயிலிருந்து எப்போதும் விழும் தண்ணீர் நின்றிருந்தது. கையேட்டில் படித்தது ஞாபகம் வந்து, "அம்மா, தண்ணி வரல!" என்று கத்தினேன். அதற்குள் அவள் ஸ்பேனரோடு கீழே இறங்கியிருந்தாள். குளிர்விக்கும் கடல்நீரைப் பனி அடைத்துவிட்டது. அந்தக் குளிரிலும் இன்ஜின் சூடேறிச் செத்துப்போகுமாம். அணைத்துவிட்டாள்.

எவ்வளவு அமைதி! பனி படகை உரசும் சத்தம் மட்டும். எனக்கு அழுகை வந்துவிட்டது. போச்சு. எல்லாம் போச்சு. ஜெயிச்சிடுச்சு இந்தக் குளிரு.

படகோட்டி கொன்னோ மாமா நீளக் கழியால் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். "எதுக்குடி கண்ணு அழற? கீழ இருக்கிறது யாரு, உங்கம்மாடி."

"அம்மாவுக்கு நான் போறது பிடிக்கல மாமா."

கழியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "இப்ப டேங்க்ல ஓடுறது எந்த டீசல் தெரியுமா? நவம்பர்ல குளிர்காலச் சரக்கு வந்தப்பவே ஒரு பீப்பாயைத் தனியா எடுத்து வெச்சா. டிசம்பர்ல என் சொந்த மீன்படகுக்குக் கேட்டேன், ஒரு சொட்டு தரலையே மகராசி! 'மார்ச் மூணுக்கு வேணும், அவ தேர்வுக்குப் போகணும்'னா. 'உன்கிட்டச் சொன்னாளா?'ன்னு கேட்டேன். 'இன்னும் சொல்லல'ன்னா."

நவம்பர். நான் சொன்னது ஜனவரியில்.

அக்டோபரிலிருந்தே தலையணைக்கு அடியில் அக்கரைப் பள்ளியின் விவரப் புத்தகத்தை ஒளித்து வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் படுக்கை உதறுவது யார்? இதுகூடத் தோன்றவில்லையே எனக்கு!

"கோஹாரு! வெந்நீர்!" கீழிருந்து அம்மாவின் குரல். தேர்வுக்கென்று அப்பா போட்டுத் தந்த பார்லி டீ முழுவதையும் ஃபிளாஸ்கோடு கொடுத்தேன். அவள் கடல்நீர் வடிகட்டியிலிருந்து கையால் பனியை வாரி வாரி வெளியே போட்டாள். கை சிவந்து வீங்கியிருந்தது. நான் விளக்கைப் பிடித்தேன். வடிகட்டியில் டீயை ஊற்றினாள், மூடினாள், மறுபடி கிளப்பினாள். குழாயில் தண்ணீர் விழுந்தது.

"பார்லி டீயா? குடுத்து வெச்ச இன்ஜின்!" என்று மேலிருந்து கத்தினார் மாமா. "இன்ஜினியரம்மா, எனக்கு ஒரு மடக்கு மிச்சம் இருக்கா?"

அம்மாவின் கையை எடுத்து என் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். நவம்பர் பற்றிக் கேட்கவில்லை. துறை வரும் வரை அவளும் கையை எடுக்கவில்லை.

மார்ச் 4

எழுதினேன். சரித்திரம் சுமார். கணக்கு நன்றாக.

மார்ச் 17

தேறிவிட்டேன்!! அம்மாவிடம் சொல்லப் படகுத்துறைக்கு ஓடினேன். டீசல் வடிகட்டியின் அடியில் தேங்கிய தண்ணீரை இறக்கிக்கொண்டிருந்தாள். "ம்" என்றாள். வடிகுழாயை மூட மறந்துவிட்டாள். நல்ல டீசல் கொஞ்சம் வாளியில் போனது.

ஏப்ரல் 7

பெரிய கப்பலில் பள்ளி விடுதிக்கு வந்து சேர்ந்தேன். கிளம்பும்போது அம்மா முயல் போர்வையை மடித்துக் கொடுத்தாள். இரண்டு முறை துவைத்தாளாம், வாடை போகவில்லையாம்.

"பேட்டரிக்கு?" என்றேன்.

"இனிமே குளிர் விட்டுடும். டிசம்பர் லீவுக்கு வருவேல்ல, அப்பக் கொண்டா."

அறைத் தோழி மூக்கைச் சுளித்தாள். "என்ன இது, டீசல் நாத்தம்?"

"எங்கம்மா" என்றேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன்.