தாரணி பெயர் இல்லாத வரி

பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில், ஆசிரியை தாரணியால் வினாத்தாளை வீட்டுப் பொதுக் கோப்புறையில் சேமிக்க முடியவில்லை. வீட்டுக் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள, பழைய கணினி ஒன்றில் லினக்ஸும் சம்பா மென்பொருளும் போட்டு வைத்திருந்தான் அவள் கணவன் விமலன். நேற்று அவள் கைதவறி அவனுடைய படங்களை அழித்துவிட, பெரிய சண்டை. விடிந்ததும் அவன் பேசாமலே தேயிலை ஆலைக்குப் போய்விட்டான்.

அந்தப் பழைய கணினியில் சம்பாவின் அமைப்புக் கோப்பைத் திறந்து வரிவரியாகப் படித்தாள். யார் படிக்கலாம் என்ற வரியில் இருவர் பெயரும் இருந்தன. யார் எழுதலாம் என்ற வரியில் அவன் பெயர் மட்டும்.

அவளுக்கு முகம் சுட்டது. தன் பெயரைச் சேர்த்தாள், சம்பாவை மறுபடி ஓடவிட்டாள், வினாத்தாளைச் சேமித்தாள். பிறகு குளிர்பெட்டிக் கதவில் சீட்டு ஒட்டினாள்:

“மத்தியானச் சோறு குக்கர்ல இருக்கு. குழம்ப சூடு பண்ணிக்குங்க. திரும்பப் போறப்ப சாவிய பக்கத்து வீட்டு நாகமணி அக்காகிட்ட குடுத்துடுங்க. திரிங்காப் ஊரு காய்கறி லோரிக்காரர் கோபிஸ், அந்த முட்டகோஸ், கொண்டாருவாரு, வாங்கி வைங்க.

என் பேர எடுத்தது நீங்கதானே? நானே சேத்துட்டேன். உங்க பேர நான் எடுக்கல. கோபம்னா வாயால சொல்லுங்க லா.”

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அடியில் இடுக்கி எழுதினாள்:

“படத்த அழிச்சது என் தப்புதான். ஆனா சாயங்காலம் வந்து பாப்பேன். என் பேரு அங்க இருக்கணும்.”