மாரில் நாற்பத்து மூன்று டிகிரி

5-3-2001, திங்கள்
மஞ்சூர் தேயிலை ஃபாக்டரியில் எல்லோரும் வெற்றுடம்போடு வேலை பார்க்க, நான் மட்டும் இன்றும் டிரையர் முன்னால் சட்டையோடு நின்றேன். பரமசிவன் கேட்டான்: "ஏனுங்க, கல்யாண மாப்பிள்ளையாட்டம் பொத்தான் பூட்டிட்டு நிக்கறீங்க?" சளி என்று சொல்லி வைத்தேன். மார்பில் புற்று வந்து ஒரு பக்கத்தை எடுத்தார்கள், அந்தத் தழும்பிலேயே மறுபடி கட்டி – இதை ஓர் ஆம்பளை எப்படிச் சொல்வது?

6-3, செவ்வாய்
கோயமுத்தூர் ஆஸ்பத்திரி. கரண்ட் – கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்கிறோம் – வைத்த கையோடு மைக்ரோவேவ் சூடும் வைக்கிறார்கள். நாற்பத்து மூன்று டிகிரி, ஒரு மணி நேரம். கட்டி அதில் தளர்ந்து கரண்டுக்குச் சீக்கிரம் மடியுமாம். சிரிப்பு வந்தது. எங்கள் டிரையரில் நாற்பத்து மூன்று வைத்தால் தூள் காயாது, பூஞ்சைதான் பிடிக்கும்.

வரிசையில் நான் ஒருத்தன்தான் ஆம்பளை. மகள் ஸ்ரீமதி சொன்னாள்: "நீங்க ஆம்பளைன்னு அந்தக் கட்டியே பாக்கலீங்கப்பா. நாம எதுக்குக் கூச்சப்படோணும்?"

தேயிலை விலை விழுந்ததில் ஃபாக்டரி வாரம் மூன்று நாள்தான். லீவு கேட்க வேண்டியதில்லை. நோய்க்குத் தோதான காலம்!

9-3, வெள்ளி
சூட்டு மிஷின் பார்க்கும் பொண்ணு ஜூடித் நாலு தடவை கேட்டது: "சுடுதுங்களாப்பா?" இருபது வருஷ டிரையர்காரனிடம்! "இதெல்லாம் ஒரு சூடா அம்மிணி?" என்றேன். ஓர் இடத்தில் ஊசியாகக் குத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

10-3
கொப்புளம். கோலிக்குண்டு அளவு.

13-3, செவ்வாய்
புண் ஆறப் பத்து நாளாகும், அதுவரை சூடு கிடையாது என்றார் டாக்டர். கட்டிக்குப் பத்து நாள் லீவு. கொடுத்தவன் நான்.

ஜூடித்துக்குக் கண் கலங்கிவிட்டது. "மிசினு ரெண்டு மூணு எடத்துலதாங்க சூடு காட்டும். மத்த எடத்துக்கு உங்க வாய்தான் மீட்டரு. அதுவே பொய் சொன்னா நான் என்னங்க பண்றது?"

மீட்டர் பார்த்தே தலை நரைத்தவன் நான். முட்டாள். வீரமாம்! யாருகிட்டடா காட்டுன அந்த வீரத்த?

23-3, வெள்ளி
"சுடுது!" – அடுத்த அறைவரை கேட்டிருக்கும். மிஷினுக்கும் மாருக்கும் நடுவே இருந்த தண்ணீர்ப் பையை ஜூடித் நகர்த்தி வைத்தது. ஆறு தடவை கத்தினேன். வெளியே வரிசையில் இருந்த ஓர் அம்மா, "கத்துனது நீங்களாங்க? அப்ப நானும் கத்தறேன்" என்றார்.

17-4, செவ்வாய்
டாக்டர் விரலால் அழுத்தித் தேடினார். பட்டாணியாக இருந்த கட்டி இப்போது கடுகாகிவிட்டதாம். இன்னும் மூன்று தடவை வைக்க வேண்டும். வைக்கட்டும். நான் விடுவதாயில்லை.

18-4, புதன்
டிரையர் அனல் கக்கியது. பரமசிவன், "இன்னும் சளி தீரலீங்களா?" என்றான்.

"சளியில்ல பரமசிவா. சுடுது."

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். தழும்பைப் பார்த்தவன் சட்டென்று வேறு பக்கம் திரும்பினான்.

"என்னன்னு கேளு," என்றேன்.

கேட்டான். சொன்னேன்.