அத்தை கை நனைக்காத ஞாயிறு

ஆவணி 4, வியாழன்

விடியும்போதே வெக்கை. மாடித் தொட்டி கழுவ வருகிறேன் என்றவன் வரவில்லை. நானே இறங்கிக் கழுவினேன்.

வாய்ப்புண் மூன்று. இனி வா.பு. என்று மட்டும் எழுத வேண்டும்; தம்பி பொண்டாட்டி மல்லிகா இங்கே வந்தால் கண்ணில் பட்டதையெல்லாம் புரட்டுவாள். கீழுதட்டின் உள்பக்கம் இரண்டு, நாக்கின் இடது ஓரம் ஒன்று. நடுவில் வெள்ளை, சுற்றிலும் சிவப்பு. நாக்கில் இருப்பது ராட்சசன். நாலு வார்த்தை பேசினால் கண்ணில் தண்ணீர்.

யாரிடமும் சொல்வதற்கில்லை. சிம்மக்கல்லில் இந்தத் தெருவுக்கே வா.பு. வைத்தியம் சொல்பவள் நான். "நான் சொல்றபடி இருந்தா வாய்ப்புண்ணே வராது" என்று தம்பி சுந்தரம் வீட்டில் சாப்பாட்டு மேசையைத் தட்டிச் சொன்னது போன மாதம்தான். மல்லிகா அப்போதே வாயைக் கோணினாள்.

செய்தவை: வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு. மணத்தக்காளிக் கீரை பச்சையாக மென்றது. தேங்காய்த் துருவல் வாயில் அடக்கியது. மோர்.
விட்டவை: புளி, மிளகாய், முறுக்கு, சூடான காபி. (காபியை விடவில்லை. ஆற்றிக் குடித்தேன்.)

ஞாயிறு மேலூர் போக வேண்டும். சுந்தரம் மகள் காவ்யாவுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க. ஜாதகம் பொருந்தி, பையன் வந்து பார்த்து, காவ்யாவும் சரி சொல்லி, அதற்கப்புறம் எனக்கு ஒரு போன். ஒரே அத்தை! ஏன்டா என்றால், "நீ எதையாச்சும் சொல்லுவக்கா." சொல்லத்தானே அத்தை?

ஆவணி 5, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்!

பல் விளக்கும்போது பிடிபட்டது. வாய் நிறைய நுரை, துணிக்குச் சோப்புப் போட்ட மாதிரி. புண்ணில் பட்டதும் சுரீர். புதுப் பேஸ்ட். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று மல்லிகா வாங்கி, இலவசத்தை என் தலையில் கட்டியது. பழைய பேஸ்ட் இருந்தவரை வா.பு. எட்டிப் பார்க்கவில்லை. சித்திரையில் அவர்கள் வீட்டில் தங்கியபோது மட்டும் வந்தது. அங்கே என்ன பேஸ்ட்? இதே பேஸ்ட்!

பரணிலிருந்து பழைய பத்திரிகை மருத்துவப் பக்கங்களை இறக்கித் தேடினேன். இருக்கிறது! நுரைக்காகச் சேர்க்கும் சரக்கு சிலருக்கு வாயின் உள்தோலை உறுத்திப் புண்ணாக்கலாம் என்று. "சிலருக்கு", "லாம்" என்று இழுத்திருக்கிறார்கள். இழுக்கட்டும். அந்தச் சிலரில் நான் ஒருத்தி. பள்ளிக்கூடத்தில் படித்தது எட்டாவது; மீதியெல்லாம் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளில் படித்தது. பத்தாதா?

மருந்துக்கடைக்குப் போனேன். நுரை வராத பேஸ்ட் ஒன்று, புண் மேல் தடவ மரத்துப்போகும் ஜெல் ஒன்று.

"யாருக்குக்கா வாய்ப்புண்ணு?"

"பக்கத்து வீட்டுக்கு."

"அடிக்கடி வருதுன்னா பக்கத்து வீட்ட ரத்தம் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. பி-12, இரும்புச்சத்து கொறைஞ்சாலும் வரும்."

"பக்கத்து வீட்ல அம்புட்டும் நல்லாத்தான் இருக்கு."

சிரித்தான். சிரிக்க இதில் என்ன இருக்கிறது?

இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது, நேரே டாக்டர். தெருவுக்கு நான் போட்ட சட்டம். எனக்கும் அதே.

ஆவணி 7, ஞாயிறு

மேலூர் போய் வந்தாயிற்று. போகாமலே இருந்திருக்கலாம்.

காரில் நான், சுந்தரம், மல்லிகா, பின்னால் இன்னொரு வண்டியில் சொந்தக்காரர்கள். வழியெல்லாம் கல் லாரிப் புழுதி. வீடு நல்ல வீடு. கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது. பையன் கண்ணைப் பார்த்துப் பேசுகிறான். எனக்குப் பிடித்துவிட்டது (காட்டிக்கொள்ளவில்லை).

இலை போட்டார்கள். பையனின் அம்மா பாக்கியம் வந்து எல்லார் முன்னாலும், "பொண்ணோட அத்தை மொதல்ல கை நனைக்கட்டும். அப்புறம் மத்தவுக" என்றார்.

மரியாதை! சொந்தத் தம்பி கொடுக்காத மரியாதை. நெஞ்சு நிறைந்து இலையைப் பார்த்தேன். வத்தக்குழம்பு. எலுமிச்சை ஊறுகாய். மிளகு தூக்கலாக உருளை வறுவல். போதாததற்கு அன்னாசிப்பழக் கேசரி. ஒவ்வொன்றும் ராட்சசனுக்குத் தீனி. ஜெல்லின் மரப்பு பாதி வழியிலேயே போய்விட்டது. கையை இலை வரை கொண்டுபோனேன். முடியவில்லை.

"வேணாம்." உதட்டை இறுக்கிக்கொண்டு அவ்வளவுதான் சொன்னேன். காரணம் சொல்லியிருக்கலாம். எதிர் இலையில் மல்லிகா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை.

சம்பந்தம் பிடித்தால் அந்த வீட்டில் கை நனைப்பது, பிடிக்காவிட்டால் தண்ணீரோடு எழுந்துவிடுவது. எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். மோர் கொண்டுவந்தவர் அப்படியே நின்றார். மற்றவர்கள் பேருக்குப் பிசைந்துவிட்டு எழுந்தார்கள்.

திரும்பும்போது மல்லிகா: "மதினி, மொதல்ல ஒங்களக் கேக்கலைன்ற கோவத்த அங்க போயா காட்டணும்? எம் பிள்ள வாழ்க்க மதினி!"

சுந்தரம்: "விடு. அக்கா எப்பவும் இப்படித்தான்."

எப்பவும் இப்படித்தானா! வாய் மட்டும் நன்றாக இருந்திருந்தால் அந்தக் கார் மதுரை வந்து சேர்ந்திருக்காது.

ஆவணி 8, திங்கள்

தூறல். உதட்டுப் புண்கள் இரண்டும் சுருங்குகின்றன! பேஸ்ட் மாற்றிய பலன், சந்தேகமே இல்லை. ராட்சசன் அப்படியே.

மேலூரிலிருந்து சுந்தரத்துக்குப் போன் வந்ததாம். "அத்தைக்கு இஷ்டமில்லாத எடத்துல எதுக்குங்க? கொஞ்சம் ஆறப்போடுவோம்."

சாயங்காலம் காவ்யா வந்தாள். கோரிப்பாளையத்தில் ஆபீஸ், வேலை முடிந்து நேரே ஸ்கூட்டியில், நனைந்துகொண்டு. கண் வீங்கியிருந்தது.

"அத்த, அவரப் பிடிக்கலைன்னா நேராச் சொல்லுங்க."

பிடித்திருக்கிறது என்று தலையாட்டினேன்.

"அப்ப ஏன் சாப்பிடல? வாயத் தொறந்து சொன்னா என்ன?"

பதில் சொல்லாமலிருக்கக் காபியை எடுத்துக் குடித்தேன். ஆற்ற மறந்துவிட்டேன். ஸ்ஸ் என்றேன். அவள் ஒரு நொடி பார்த்தாள். செல்போன் லைட்டைப் போட்டாள்.

"ஆ காட்டுங்க."

காட்டினேன்.

"அய்யோ அத்த! வாய்ப்புண்ணா? ஒங்களுக்கா!" அழுகையும் சிரிப்புமாக என் தோளில் சாய்ந்துவிட்டாள். "இப்பவே போன் போட்டுச் சொல்லிர்றேன்."

"போடாத. தெருவே சிரிக்கும்."

"சிரிச்சுட்டுப் போகட்டும். எனக்கு அந்த வீடு வேணும் அத்த."

ஆறட்டும், வெள்ளிக்கிழமை போய்ச் சாப்பிட்டு வருகிறேன் என்றேன்.

"அதுக்குள்ள அவங்க வேற பொண்ணு பாக்கப் போயிருவாங்க."

போன் வேண்டாம், இன்னொருத்தர் வாயால் வேண்டாம், நாளைக்கு நானே போகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். மல்லிகாவிடம் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

ஆவணி 9, செவ்வாய்

என்ன நாள்! எழுதவே கை ஓடவில்லை, அவ்வளவு பரபரப்பு.

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, வெயிலோடு வெயிலாக மேலூர். பாக்கியம் முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எழவில்லை. "வாங்க" என்றதோடு சரி.

பஸ்ஸிலேயே பேச்சைத் தயார் செய்திருந்தேன். இரண்டு வார்த்தைக்கு மேல் நாக்கு விடவில்லை. கீழுதட்டை இழுத்துக் காட்டினேன். பிறகு நாக்கை நீட்டினேன். சம்பந்தம் பேசும் வீட்டில் போய் நாக்கை நீட்டியவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

முறத்தை வைத்துவிட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார்.

"ஆத்தாடி! இம்புட்டு வச்சுக்கிட்டா பந்தியில உக்காந்தீக? ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"மல்லிகா முன்னாடியா?"

என்னையே பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "எனக்கும் ஒரு தம்பி பொண்டாட்டி இருக்கா."

தயிர் சாதம் வந்தது. குழையப் பிசைந்து, ஆறவைத்து, தாளிக்காமல். "இது எரியாது. கை நனைங்க."

எரிந்தது. தயிர் கொஞ்சம் புளிப்பு. இன்னொரு தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பையனுக்கும் அடிக்கடி வா.பு. வருமாம்! அவன் பேஸ்ட்டைக் கொண்டுவரச் சொன்னேன். நுரை! எழுந்தே நின்றுவிட்டேன். அதை மாற்றச் சொன்னேன், ரத்தமும் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். (நானும் எடுக்கலாம். மருந்துக்கடைக்காரன் சொன்னான் என்பதற்காக இல்லை.)

நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்த்தாயிற்று. பாக்கியமும் நானும், சுவர் காலண்டரை இறக்கி வைத்துக்கொண்டு, இரண்டே பேர். வளர்பிறை, புதன்.

"ஒங்க தம்பிக்கு நான் போன் போட்டுச் சொல்லவா?"

"வேணாம். நான் சொல்லிக்கிறேன்."

வந்ததும் காவ்யாவுக்குச் சொன்னேன். போனிலேயே கத்தினாள். ஐயருக்குச் சொல்லிவிட்டேன். பூக்காரருக்கும். சுந்தரம் இதுவரை ஆறு தடவை கூப்பிட்டுவிட்டான். எடுக்கவில்லை. நாக்கு கொஞ்சம் ஆறட்டும். அவனிடம் ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக வர வேண்டும்.